ஒன்று தசம் எட்டு அங்குலம்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் அன்றைக்கு இருந்தவை வெறும் பித்தளைக் கோதுகள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொன்றியலில் எங்களைத் தெரிந்தவர்களில் பாதிப் பேரிடம் இப்போது வேறு கதை உலாவுகிறது. வெடிமருந்து இல்லை, ஈயச் சன்னம் இல்லை. சுட்டு முடித்த தோட்டாக்களின் வெறுங் கோதுகள், ஒரு ஐஸ்கிறீம் டப்பா நிறைய. அவற்றின் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக என் மகளின் கலியாணம் நிற்கப் பார்த்தது.

நான் சென்ட் லோரன்ட்டில் விமான உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் லேத் மெசினில் நிற்கிறவள். உலோகத்தைச் சொன்ன அளவுக்குக் கடைந்து கொடுப்பது என் வேலை. பக்கத்து மெசினில் நிற்கும் கியூபெக்காரி, என்னைவிட மூத்தவள், ஒரு இலையுதிர் காலத்தில் என்னை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். காலை முழுவதும் அந்தக் காட்டில் ஒருவரும் என்னோடு கதைக்கமாட்டார்கள்.

சும்மா துவக்கைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பாடம் படித்தேன், சோதனை எழுதினேன். துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்டபோது என் கணவரிடம் விசாரித்தார்கள், நான் காட்டிய சாட்சிகளிடம் விசாரித்தார்கள், என் பழைய காலத்தையும் துருவினார்கள். மாதக்கணக்கில் இழுபட்டுத்தான் அட்டை வந்தது. துவக்கு இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. பொலிசுக்கு வராத சந்தேகம் எங்கள் ஆட்களுக்கு வந்ததே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கோதுக்கு வருகிறேன். அந்தக் கியூபெக்காரச் சிநேகிதியின் தம்பிக்கு எல்லைக்கு அங்கால், அமெரிக்காவில், சோளப் பண்ணை இருக்கிறது. அனுமதிகள் எல்லாம் எடுத்து வருடத்துக்கு ஒரு தடவை அங்கே வேட்டைக்குப் போவோம். அந்த மாநிலத்தில் ஒரு சட்டம். மான் சுடும் தோட்டாவின் கோது ஒன்று தசம் எட்டு அங்குலத்துக்கு மேல் நீளமாக இருக்கக்கூடாது. மட்டமான வயல்வெளி, இடையிடையே வீடுகள். கோது நீண்டால் மருந்து கூடுதலாகப் பிடிக்கும், சன்னம் தூரம் போகும் என்பது அவர்கள் கணக்கு. சிநேகிதியிடம் நான் வாங்கிய, அவளுடைய அப்பாவின் பழைய துவக்குக்கு உரிய கோதோ இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலே. ஆகவே வெட்ட வேண்டும். வெட்டுவது என் பொறுப்பு, மருந்து அடைப்பது அவள் பொறுப்பு, அதுவும் அவள் வீட்டில்.

வெட்டிக் கழிப்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட வராது. அதே துவக்கு, அதே சன்னம், அதே மான். அந்தத் துண்டு இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் சரி. கண்டறியாத சட்டம் என்று முதல் வருடம் புறுபுறுத்தேன். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. பரிசோதகர் வந்தால் அளப்பார். அளவு சரியென்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நீ எந்த ஊர், உன் வீட்டில் யார் யார் என்று கேட்கமாட்டார்.

மகளும் அந்தப் பொடியனும் யூனிவர்சிட்டியில் தாங்களாகவே விரும்பியவர்கள். எங்களுக்கும் சம்மதம், அவர்களுக்கும் சம்மதம். நாள் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். பொடியனுக்குத் தகப்பன் இல்லை. தாயும், தகப்பன் ஸ்தானத்தில் பெரியப்பாவும், பொடியனும் வந்தார்கள். அவர்கள் எண்பதுகளிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பெரிய வீடு வாங்கி இருக்கிறவர்கள். நாங்கள் சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

மேலே இருந்த கழிவறைக்குள் யாரோ நின்றபடியால் பெரியப்பா கீழே போனார். என் வேலை மேசை கீழ்க் கழிவறைக்கு முன்னால்தான் இருக்கிறது. போனவர் திரும்பி வரவில்லை. என்னவோ என்று நான் இறங்கிப் போனேன். மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கோதை இரண்டு விரலால் சூடான சாமானைப் போலப் பிடித்திருந்தார்.

“தங்கச்சி, உதென்ன?”

“கோது அண்ணை. மான் வேட்டைக்கு. நீளம் கூட, அதுதான் வெட்டுறன்.”

“உதெங்கை பழகினனீங்கள்?”

“வேலையிலதான். நாள் முழுக்க உதைத்தானே செய்யிறன்.”

“வேலையில,” என்று இழுத்தார். பிறகு, “வன்னியில எந்த இடமெண்டனீங்கள்?” என்றார்.

மேலே இருந்தபோது சொன்னதுதான். திரும்பவும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுசன் விளங்காமல் நிற்கிறார் என்று நினைத்து, வேர்னியர் அளவுகோலை எடுத்து நீளக் கோதையும் கட்டைக் கோதையும் அளந்து காட்டி, மாநிலச் சட்டத்தைச் சொல்லி, மருந்து எவ்வளவு குறையும் என்பதையும் விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவருடைய முகம் இறுகிக்கொண்டே போனது. இவ்வளவும் தெரிந்தவள் சும்மா ஆளாக இருக்கமாட்டாள் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பெழுதிவிட்டார். போன வருடம் மகள் கொண்டுபோய்க் கொடுத்த மான் இறைச்சிப் பிரட்டலை வழித்துத் தின்றுவிட்டு, இன்னொரு பெட்டி கிடைக்குமோ என்று கேட்டனுப்பியவர் இதே மனுசன்தான். அந்த மான் தானாக வந்து சட்டிக்குள் விழுந்தது என்று நினைத்தாரோ தெரியாது.

மேலே வந்ததும் தம்பி பெண்சாதியின் காதுக்குள் என்னவோ சொன்னார். நாள் பார்க்க வந்தவர்கள் பஞ்சாங்கத்தைத் திறக்கவே இல்லை. “பேந்து கதைப்பம்” என்று எழும்பிவிட்டார்கள். பொரித்து வைத்த ரோல்ஸ் அப்படியே தட்டில் ஆறிக் கிடந்தது.

அவர்கள் போன பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு வரும்போதுதான் கவனித்தேன், சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் என் அக்காவின் படம் இல்லை. அந்த ஆணியில் மளிகைக்கடைக் கலண்டர் தொங்கியது. படம் உடுப்பு அலுமாரி லாச்சிக்குள், துவாய்களுக்குக் கீழே கிடந்தது.

“ஏன் கழட்டினனீங்கள்?” என்று கணவரிடம் கேட்டேன்.

“வாறவை ஆரெண்டு கேப்பினம். நல்ல காரியத்துக்கு வாற நேரத்தில உந்தக் கதை ஏன் எண்டு பாத்தன்.”

படத்தில் துவக்கும் இல்லை, சீருடையும் இல்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலும்தான். உயர்தரச் சோதனை எழுதிய கையோடு இயக்கத்துக்குப் போனாள். அவளும் திரும்பி வரவில்லை, உடம்பும் வரவில்லை. அம்மா கடைசிவரை கேற்றைப் பூட்ட விடவில்லை. எனக்கு வந்த விசருக்குக் கலண்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் படத்தைத் திரும்பக் கொழுவினேன். அன்று முழுக்க என் மனுசனோடு கதைக்கவில்லை.

சில நாட்கள் கழித்து மகள் வேலையால் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“அம்மா, அவரின்ரை அம்மா கேக்கிறா. நீங்கள் இயக்கத்தில இருந்தனீங்களோ?”

மிச்சத்தைப் பிரெஞ்சில் சொல்லி அழுதாள். அவளுக்கு அழுகை பிரெஞ்சில்தான் வரும். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. இவர்கள் யார் என்னை விசாரிக்க? பங்கருக்குள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தது நான். இங்கே வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டு, ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். ஒரு காலத்தில் இயக்கத்துக்காக மண்டபம் எடுத்து, விசிலடித்துக் கைதட்டியவர்களும் இவர்கள்தான். இப்போது அந்தச் சொல் தங்கள் வாசற்படியில் வந்து நிற்கக்கூடாதாம்.

கணவர் மெதுவாகச் சொன்னார். “நீ இருக்கேல்லைத்தானே. போய் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லுவம். அலுவல் முடிஞ்சுது.”

“இல்லையெண்டு சொல்லுறதுக்கு நான் என்ன களவெடுத்தனானோ?” என்று பாய்ந்தேன். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். போவதென்று முடிவெடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அவர்கள் வீட்டுக்குப் போனோம். கைப்பையில் வேர்னியரும், நீளக் கோது ஒன்றும், வெட்டிய கோது ஒன்றும் இருந்தன. அவர்களுடைய மினுக்கிய மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். சட்டத்தைச் சொன்னேன். பொடியனின் தாயின் கையிலேயே வேர்னியரைக் கொடுத்து அளக்க வைத்தேன். ஒன்று தசம் எட்டு. அவ முதல் தரம் சிரித்தா.

“அப்ப உது சட்டத்துக்காக வெட்டுறதோ? அண்ணை என்னென்னவோ சொல்லி என்னைப் பயப்பிடுத்திப்போட்டார்.”

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். தேத்தண்ணி வந்தது. பஞ்சாங்கமும் வந்தது. தை மாதம் நல்லதா, வைகாசி நல்லதா என்று பேச்சுத் தொடங்கியது. மகளின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் வார்த்த மாதிரி இருந்தது. பொடியனின் தாய் பேனையை எடுத்து, ஒரு தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டா.

“உங்கடை பக்கத்தில வேறை ஒருத்தரும் உதுக்குள்ள இருக்கேல்லைத்தானே? சும்மா கேக்கிறன். சனம் கதைக்கும்.”

மேசைக்குக் கீழே கணவரின் முழங்கால் என் முழங்காலை இடித்தது. மகள் என்னைப் பார்த்தாள். ஒரு சொல்தான், இல்லை என்று. அதைச் சொன்னால் வைகாசியில் கலியாணம்.

“நான் இருக்கேல்லை,” என்றேன். “என்ரை அக்கா இருந்தவா. செத்துப்போனா.”

அவ பேனையை வைத்துவிட்டா. பிறகு அவ, “உதை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்” என்றா. கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்வது போல, இரக்கமாகச் சொன்னா. கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அமெரிக்காக்காரன் அளவு சொன்னான், வெட்டினன். அது பித்தளை,” என்றேன். “நீங்கள் அக்காவை வெட்டிப்போட்டு வரச் சொல்லுறியள். அது என்னால ஏலாது.”

கோதுகளை அவசரமாக எடுத்துப் பைக்குள் போட்டேன். ஒன்று விழுந்து சோபாவுக்குக் கீழே உருண்டது. கிடக்கட்டும் என்று நினைத்தேன். மகள்தான் முழங்காலில் நின்று, கையை விட்டுத் தேடி எடுத்தாள். எடுத்துத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, “வாங்கோ அம்மா” என்றாள். இருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வெளியே அந்த வருடத்து முதல் ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. கணவர் காரை ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடியைத் துடைக்க வைப்பரைப் போட்டார். பின் சீற்றில் மகள் இருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. என் வாயால் அவளுடைய வாழ்க்கையைக் குழப்பிவிட்டேன் என்று ஒரு மனம் அடித்தது. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று இன்னொரு மனம் திட்டியது.

என் பக்கத்துக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பொடியன். யக்கற் போடவில்லை, வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தான். கண்ணாடியை இறக்கினேன். “மகன், குளிருது, உள்ளை வா” என்று தாய் வாசலில் நின்று கூப்பிட்டது கேட்டது. அவன் திரும்பவில்லை. தலைமயிரில் ஸ்னோ விழுந்து கரைந்தது. அவனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. யோசித்து யோசித்துக் கேட்டான்.

“அன்ரி, அந்தப் பெரியம்மாவின்ரை பேர் என்ன?”

இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் நாங்கள்கூட அக்கா, பெரியம்மா என்பதோடு நிறுத்திக்கொண்டோம். பெயரைச் சொன்னேன். அவன் சொல்லிப் பார்த்தான், பிழையாக வந்தது. பின்னால் இருந்து மகள் மெதுமெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாம் தரம் சரியாகச் சொன்னான்.