ஓடினான் என்று சொன்ன வாய்

அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின் மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பந்தலுக்குள் பட்டிமன்றம். ஆயுதம் தூக்கியவர்களைப் பாதுகாப்புப் படை சுட்டுக் கொல்வது நியாயமா, அநியாயமா என்று தலைப்பு வைத்திருந்தார்கள். மலாய் நாட்டுக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் கடைசியாக ஆயுதத்தைக் கீழே வைத்துச் சில வருஷமே ஆகியிருந்ததால் எல்லோர் வாயிலும் அந்தப் பேச்சு இருந்தது. நான் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியை, வாயாடி என்று பெயர் எடுத்தவள். நியாயம் என்ற அணிக்குக் கடைசிப் பேச்சு என்னுடையது. "குற்றம் செய்யாதவன் ஏன் ஓடுகிறான்? இரண்டு முறை கூப்பிட்டும் நிற்காமல் ஓடியவனைச் சுடாமல், மாலை போட்டா அழைத்து வருவார்கள்?" என்று கேட்டேன். பந்தலே அதிர்ந்தது. கைதட்டல் அடங்குவதற்குள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமனார் எழுந்து நின்றார்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலத்தில், இருபது வயதில், அதே தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை ரப்பர் ஆலையில் வேலை பார்த்தார். அளந்து பேசும் மனிதர். சோற்றில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்ல மாட்டார், தானே எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். வருஷா வருஷம் பழைய காவலர்களுக்குச் செரம்பானில் நடக்கும் மரியாதைக்குச் சட்டையில் மெடல் குத்திக்கொண்டு போவார். அவர் ஒருவரைச் சுட்ட கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தி நேரத்தில், தோட்டத்து முள்வேலிக்கு வெளியே, அரிசிச் சோற்றோடு காட்டை நோக்கிப் போனவனை இரண்டு முறை கூப்பிட்டார், அவன் ஓடினான், சுட்டார். அவ்வளவுதான் கதை. கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே என் காதில் விழுந்த இந்தக் கதையைத்தான் அன்றைக்கு மேடையில், பெயர் சொல்லாமல், என் வாதத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், செத்தவரின் மகள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். அது எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயது இருக்கும், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அப்பா செத்த வாரமே தாயும் பிள்ளையுமாகத் தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். பிறகு மாமன் மகனைக் கட்டிக்கொண்டு அதே தோட்டத்துக்கே பால் வெட்ட வந்தார். முதுகுக்குப் பின்னால் அவரைக் கம்யூனிஸ்ட்காரன் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். தெரிந்தும் பேசினேன். கைதட்டு வாங்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது.

"அவன் ஓடல" என்றார் மாமனார்.

நடுவர் சிரித்தபடி, "ஐயா, பேச்சாளருங்க முடிச்சிறட்டும் லா, அப்புறம் உங்களுக்கு மைக் தர்றோம்" என்றார். மாமனார் உட்காரவில்லை. "மைக் வேணாம். இவ சொல்றது நான் சொன்ன பொய். அவன் ஓடல, நடந்து போனான். கையில எலையில சோறு இருந்துச்சு. மூணு நெறச் சோறு. கழிப்புச் சோறு."

பந்தலில் இருந்த பெரியவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லையென்றால் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று சோற்றுருண்டை பிடித்து, பிள்ளையின் தலையைச் சுற்றி, எல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவது தோட்டத்து வழக்கம். எடுத்துப் போகிறவன் யார் கூப்பிட்டாலும் பதில் பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் கழித்தது பிள்ளையிடமே திரும்பிவிடும். அன்றைக்கோ வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு போனாலும் குற்றம், காட்டில் இருப்பவர்களுக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த மனிதர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். மாமனார் சட்டப்படி மலாயில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை நிற்கச் சொன்னார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது நிற்கவுமில்லை, வேகம் கூட்டவுமில்லை. சுட்டுவிட்டு ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தால், அடுத்த லயத்து வரிசை வீட்டு ஆள். இலை அவிழ்ந்து கிடந்த சோற்றைப் பார்த்த நொடியிலேயே தனக்குப் புரிந்துவிட்டது என்றார். அவரும் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், அவர் தலையையும் அப்படிச் சுற்றிக் கழித்திருக்கிறார்கள்.

வந்த வெள்ளைக்கார ஆபீசர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். ஓடினானா? இருபது வயசுப் பையன், ஓடினான் என்றான். செத்தவர் கலகக்காரர்களுக்குச் சோறு கடத்தியவர் என்று காகிதத்தில் ஏறிவிட்டது.

அன்று பட்டிமன்றம் தீர்ப்பில்லாமல் கலைந்தது. அக்கா எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் என் கணவர் வெடித்தார். அவர் அப்போது போலீசில் கோப்ரல். "நாப்பது வருஷம் கழிச்சு ஊர் நடுவுல இதை எதுக்குப்பா சொல்றீங்க? அந்தியில ஒருத்தன் கூப்பிட்டும் நிக்கல. அவன் கையில இருக்கிறது சோறா குண்டான்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் உங்க கூட்டாளிய லோரியில வச்சுச் சுட்டானுங்க. நீங்க யோசிச்சுக்கிட்டு நின்னிருந்தா, உங்க பொணத்தத் தூக்கியிருப்பாங்க."

கணவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்தக் கூட்டாளியும் மாமனாரும் ஒரே அறையில் படுத்தவர்கள். ஆனால் மாமனார் அசையவில்லை.

"சுட்டது தப்புன்னு நான் எங்கடா சொன்னேன்? துப்பாக்கியோட வந்தா இப்பவும் சுடுவேன். தெரியாம சுட்டேன், அது என் தலையெழுத்து. ஆனா தெரிஞ்சதுக்கப்புறம் ஓடினான்னு சொன்னேன் பாரு, அது யாரு எழுதினது? கையில துப்பாக்கியக் குடுத்தா, சுட்டது யாரன்னு உண்மையச் சொல்ற வாயையும் சேத்துத்தான் குடுக்கறாங்க. ஒண்ண வச்சுக்கிட்டு இன்னொண்ண ஒளிச்சா, அவன் போலீசும் இல்ல, கம்யூனிஸ்டும் இல்ல, வெறும் கொலகாரன்."

கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. தினமும் துப்பாக்கி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவரிடம் பெற்ற அப்பாவே இப்படிச் சொன்னால் சோறு எப்படி இறங்கும்?

இரண்டு வாரம் கழித்து மாமனார் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். "நீதானம்மா ஆரம்பிச்ச, நீயே வா" என்றார். அக்கா வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. மாமனாரும் படியேறவில்லை, வெயிலிலேயே நின்றார். அக்கா கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"எங்கப்பா கத்தினாரா?"

"இல்லம்மா."

"திரும்பிப் பாத்தாரா?"

"இல்ல. கடைசி வரைக்கும் பாக்கல."

அக்கா பிழிந்த துணியைக் கொடியில் போட்டார். பிறகு, "காய்ச்ச எனக்குத்தான். மறுநாளே விட்டுருச்சுன்னு அம்மா சொல்லும்" என்றார். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா அவரை அழவும் விடவில்லை. "உங்கள மன்னிக்க என்னால ஆகாது பெரியவரே. அதைக் கேக்க வந்திருந்தா போயிருங்க. அன்னிக்கு ஓடினான்னு சொன்னீங்கள்ல, அதை மாத்திச் சொல்லுங்க. பந்தல்ல சொன்னது பத்தாது. உயிர் இருக்கிற வரைக்கும் சொல்லுங்க."

சொன்னார். மந்தின் ஊர்க் காப்பிக்கடையில் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார், பழைய காவலர்களுக்கான மரியாதைக் கூட்டத்தில் மெடலைக் குத்திக்கொண்டே எழுந்து நின்று சொன்னார். விடு லா என்றார்கள், வயசாகிவிட்டது என்றார்கள், கம்யூனிஸ்டுக்குப் பரிந்து பேசுகிறார் என்றார்கள். ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பழைய கூட்டாளிகள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். ஆனாலும் அந்தக் கூட்டத்துக்கு அவர் ஒரு வருஷம்கூடப் போகாமல் இருந்ததில்லை. அளந்து பேசிய மனிதர், கடைசிப் பத்து வருஷம் அந்த ஒன்றை மட்டும் அளக்காமல் பேசிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். என் கணவர் இன்றுவரை அப்பாவை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை, கண்ணால் பார்க்காத ஒன்றையும் அறிக்கையில் எழுதியதில்லை என்று ஒருநாள் தானாகவே என்னிடம் சொன்னார்.

நானும் அணி மாறிவிடவில்லை. சுடவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, லோரியில் செத்தவனுக்கும் ஒரு தாய் இருந்தாள். ஆனால் எந்த நாட்டுச் செய்தியானாலும், தப்பி ஓடியபோது சுடப்பட்டார் என்று வந்தால் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, யார் பார்த்தது என்று கேட்கிறேன்.

ரப்பர் மரங்களை வெட்டிவிட்டார்கள், தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆட்கள் ரஹாங்குக்கும் வேறு ஊர்களுக்கும் போய்விட்டோம், கோயில் மட்டும் இருக்கிறது. கும்பாபிஷேக மலருக்குத் தோட்டத்து நினைவு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். மலர்க்குழுத் தலைவர் போன் செய்தார். "டீச்சர், சாமி காரியத்துக்குப் போடுற மலர், பழைய ரத்தம் எதுக்கு? அவசரகாலத்தில் ஒருவர் உயிரிழந்தார்னு ஒரு வரி போட்டுக்கலாம் லா." மரம் விழுந்தா உயிரிழந்தார் என்று கேட்டேன். அவர் இழுத்தார். முழுசாகப் போடுங்கள், இல்லையென்றால் போடாதீர்கள் என்றேன். கட்டுரை திரும்பி வந்தது.

அக்கா இப்போது மகன் வீட்டில் இருக்கிறார், கண் பாதிதான் தெரிகிறது. அவருக்குப் போன் போட்டு, மலரில் வராது, நான் வேறு இடத்தில் போட்டுவிடுகிறேன், ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன்.

"போடுங்க டீச்சர். எழுத்த மட்டும் பெருசா போடச் சொல்லுங்க. கம்யூனிஸ்ட்காரன் பொண்ணுன்னு எழுபது வருஷம் காதுல கேட்டுட்டேன். புள்ளைக்காகச் சோறு தூக்கிட்டு நடந்து போனவரு பொண்ணுன்னு ஒரு தடவ கண்ணால படிச்சிட்டுச் சாகணும்."

இதோ, அக்கா. படியுங்கள்.