நாளைக்கும் இதே சட்டை

நான் வேலை பார்த்த முதல் படத்தில் காதலர்கள் மட்டும் எட்டுப் பேர். நாலு ஜோடி, முதல் பாதி முழுக்க யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று குழம்பி, கடைசியில் ஒரே கல்யாண மண்டபத்தில் எல்லாரும் சரியான ஆளிடம் போய்ச் சேர்கிற கதை. அதில் நான் கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநர். அதாவது, போன ஷாட்டில் யார் கையில் எந்த டம்ளர், யார் தலையில் எத்தனை முழம் பூ, யார் முகம் எப்படி இருந்தது என்றெல்லாம் நோட்டில் எழுதிவைத்து, அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருத்தரை மேய்க்கலாம். எட்டுப் பேரை? மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்தபோது, ஒரு வசனம் முடிவதற்குள் காற்று எல்லார் தலையையும் கலைத்துவிடும். நான் சீப்பும் கையுமாக மணலில் ஓடுவேன். சனியன் பிடித்த காற்று.

காற்றைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. நான் சினிமாவில் இருப்பது அச்சரப்பாக்கத்தில் என் வீட்டுக்குத் தெரியாது. கேளம்பாக்கத்தில் பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். மகள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவதை அப்பா பஸ்ஸில் ஏறுகிற பாதிப் பேரிடமாவது சொல்லியிருப்பார். உண்மை தெரிந்தால் கையோடு வீட்டுக்கு இழுத்துப் போய்விடுவார். அப்புறம் சினிமா என்ற பேச்சே கிடையாது.

கல்யாணக் காட்சியைச் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில் எடுத்தோம். எட்டு நடிகர்களும் இந்தக் காட்சிக்கு ஒன்றாகக் கிடைத்தது இரண்டே நாள். லைட் சரிபார்க்கிறபோது நடிகர்களை உட்காரவைக்க மாட்டார்கள். எங்களில் யாராவதுதான் உட்கார வேண்டும். அன்றைக்கு மணப்பெண் நான், மாப்பிள்ளை ஒரு உதவி ஒளிப்பதிவாளர். பாவம், அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வெளிச்சம் எப்படி விழுகிறதென்று பார்க்க ஆளுக்கொரு மாலையும் போட்டுவிட்டார்கள்.

கூட்டத்தில் நிற்பதற்காகப் புதுப்பட்டினத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் பட்டுப்புடவையில் வந்து இறங்கினார்கள். அதில் ஒருத்தி என் அத்தை, அப்பாவின் தங்கை.

"அடிப்பாவி! நீயாடி கதாநாயகி?" என்று மண்டபம் அதிரக் கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் போனில் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். அத்தைக்கு டைப் அடிக்க வராது. நாலு பூவும் ஒரு கும்பிடுகிற கையும் மட்டும் சேர்த்து அனுப்பினாள். அடுத்த நிமிடமே, படப்பிடிப்பில் வழக்கமாகச் செய்வதுபோல, எல்லாருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அவளுடையதும் போயிற்று, என்னுடையதும் போயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து, மேடையில் நாலு ஜோடியும் மூச்சு முட்டச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு விசில் கேட்டது. பஸ்ஸை நிறுத்துகிற விசில். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, வேர்த்து வழிகிற முகம். அத்தை அனுப்பிய படத்தில் மண்டபத்தின் பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்திருக்கிறது. டிரிப் முடிந்ததும் பஸ் நிலையத்திலிருந்து ஓடியே வந்துவிட்டார் அப்பா.

எட்டு நடிகர்களும் அப்படியே நின்று வாசல் பக்கம் திரும்பினார்கள். இயக்குநர் நிதானமாக "கட்" சொல்லிவிட்டுக் கைதட்டினார்.

"முப்பது நாள்ல இந்த எட்டுப் பேரும் ஒத்துமையா ஒண்ணு செஞ்சது இப்பதான். இந்த ஷாட் படத்துல இருக்கு. அண்ணன், டூட்டியிலேர்ந்து நேரா கல்யாணத்துக்கு வந்த மாமா!"

மாமாவாகிவிட்ட அப்பா என்னையும் கேமராவையும் என் கையிலிருந்த நோட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கல்யாணம்னு நெனச்சி ஓடியாந்தேன். கல்யாணமா இருந்தாகூட மன்னிச்சிருப்பேன்டி. சினிமாவா? ஆபீசு இன்னாச்சு?"

"விட்டுட்டேன்ப்பா. ஆறு மாசம் ஆச்சு."

"வாராவாரம் போன்ல ஆபீசு ஆபீசுன்னு சொல்லிகினு இருந்தியே, அது இன்னா?"

அப்பா தெருப் பக்கம் கை நீட்டினார்.

"நட வூட்டுக்கு."

கெஞ்சத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பாழாய்ப்போன வேலைப் புத்தி, வாயில் வேறு வந்தது. "முடியாதுப்பா. நீ ஷாட்டுல வந்துட்ட. சீன் முடியிற வரைக்கும் அங்கயே நிக்கணும். நாளைக்கும் இதே சட்டையோட வரணும், துவைக்காம. மூஞ்சியும் இதே மாதிரி கோவமா இருக்கணும்."

"அதுக்கு நடிக்கவா வேணும்?" என்றார் அப்பா.

"நில்லேன் அண்ணாத்த, சாப்பாடு வேற கீது," என்றாள் அத்தை.

அப்பா முதலாளிக்குப் போன் போட்டு வேறு கண்டக்டரை ஏற்பாடு செய்யச் சொன்னார். பிறகு என்னிடம் விரலை நீட்டினார். "நாளைக்கி சாயங்காலம் வரைக்கும்தான். முடிஞ்சதும் பெட்டியக் கட்டிகினு என்கூட வர."

இரண்டு நாளும் வாசலருகே முறைத்துக்கொண்டே நின்றார். மறுநாள் மதியம் படத்தின் பெரிய நடிகர் என்னிடம் மல்லுக்கு நின்றார். நேற்று சட்டைக் கையை மடிக்கவே இல்லையாம். நான் நோட்டைப் பிரித்து நீட்டினேன். 'இடது கை, மூன்று மடிப்பு.' அவர் படித்துவிட்டு, மறு பேச்சில்லாமல் மடித்துக்கொண்டார். மண்டபமே வேடிக்கை பார்த்தது. உடனே அடுத்த ஷாட்டை எடுத்தோம்.

சாயங்காலம் பெட்டியோடு வாசலுக்கு வந்தேன். அப்பா பெட்டியைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சி," என்று சொல்லிவிட்டுத் தனியாகவே நடந்தார். நான் பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

படம் வெளிவந்ததும் நானும் அப்பாவும் செங்கல்பட்டில் சேர்ந்து பார்த்தோம். வெளியே வந்து டீ குடிக்கும்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரியாத்தான் கீது. ஒரு எடத்துல கோட்ட வுட்டுட்ட."

"எங்கப்பா?"

"நான் மொறச்சிகினு நிக்கறேன். அந்தப் பெரிய ஆளு மடிச்ச சட்டக் கையோட திரும்பறான். அங்க பாத்தா நான் சிரிச்சிகினு கீறேன். நீ பாக்கலியா?"

"அன்னைக்கே பாத்தேன்ப்பா."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, திரும்ப உன்ன மொறைக்க வெச்சிருப்பாங்க."