பங்குக் கிணற்றுக்கு மீன்

குளத்தில்

"அசையாதேங்கோ ஐயா, தண்ணி கலங்குது!" என்று சூசை கத்தியபோது, முழங்கால் வரை சேற்றில் நின்ற நான் ஏற்கெனவே அசைந்துவிட்டிருந்தேன். பறவைகளைச் சுட்டு, தோலுரித்துப் பஞ்சடைத்து நூதனசாலைக்கு அனுப்புவது என் உத்தியோகம். எதையும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துப் பழக்கமில்லாத உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊர்ச் சுகாதாரச் சங்கத்துக்கு உழைத்தேன். முறைக்காய்ச்சல் பரவிய அந்த மாரியில் உரும்பிராய்க் கிணறுகளில், கடித்து அதைப் பரப்பும் நுளம்பின் குஞ்சுகள் நெளிந்தன. அவற்றைத் தின்னும் சிறுமீனைக் கிணற்றில் விடலாம் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். ஊர்வேலையில் இறங்கிய உங்களுக்குத் தெரியும், யோசனை சொன்னவன் தலையில்தான் அது வந்து விழும்.

சூசை குருநகரில் கடலுக்குப் போகிறவர். என் பட்டாம்பூச்சி வலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன்னுடைய நெருக்கக் கண் வலையை விரித்தார். மேலே வந்தவை விரல் நகத்தின் அளவு. ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, இதுக்கு நான் வலை போட்டனான் எண்டு கரையிலை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பஸ்ஸில்

மண்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் என் வேட்டியில் ஏறியது. பக்கத்தில் இருந்த அம்மா கோயிலுக்குப் போகிறவர். சட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று கொண்டக்ரரிடம் முறையிட்டார். கொண்டக்ரர் வந்து சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீனெண்டால் மேலை கூரையிலை ஏத்தலாம். தண்ணியெண்டால் காலடியிலை வைக்கலாம். இது ரெண்டும் சேந்தெல்லோ கிடக்கு. நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கோ."

தவளை நியாயம்

தோட்டக் கிணறு ஒருவருக்குச் சொந்தமில்லை. அதில் பல பங்கு. இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை உண்டு. ஒரு பங்குக்காரர் வேண்டாமென்றால் கிணற்றுக்குள் ஒரு கல்லும் விழக்கூடாது. நான் போன கிணற்றில் எல்லோரும் தலையாட்டினார்கள். மலாயாவில் இருந்த பங்குக்காரருக்காக அவருடைய மனைவி ஆட்டினார். மிஞ்சியவர் கந்தையா அம்மான். மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் வைக்காத குடும்பம். புகையிலைத் தோட்டத்தில் வேலையை நிறுத்தாமலே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிணத்திலை தவளை கிடக்குதே அம்மான்? அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறியள்?" என்றேன். வெல்லப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஓர் இலையைத் திருப்பி, புழுவைக் கிள்ளிக் காலால் நசுக்கினார்.

"தவளையை ஆர் தம்பி தின்னுறான்? மீன் மச்சம். மச்சம் கிடந்த தண்ணி எங்களுக்கு ஆகாது."

சட்டியில்

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் ஒரு கொக்கு பாதிப் பஞ்சோடு கிடந்தது. இருந்தால் எழும்பத் தோன்றும். எழும்பினால் போவதற்கு இடமில்லை. சட்டித் தண்ணீரை மாற்றுவேன், நிழலுக்கு நகர்த்துவேன், மறுபடி வெளிச்சத்துக்கு நகர்த்துவேன். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று வெள்ளை வயிறுகள் மேலே மிதக்கும்.

அப்படியொரு காலையில் நாகம்மா வந்தாள். கந்தையா அம்மானுடைய சகோதரியின் மகள். அதே கிணற்றில் அவள் புருஷனுக்கும் பங்கு. போன மாரியில் மூத்த பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். இப்போது இளையவளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் வருகிறது, கொயினா மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தாலும் பாதியைத் துப்பிவிடுகிறாள் என்றாள். பிறகு சட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சை சட்டியிலை சாகிறதுகள், எங்கடை கிணத்திலை செத்தால் என்ன அண்ணை?"

படலையடிச் சாட்சி

மறுபடி குளம், மறுபடி பஸ். இந்த முறை சூசையும் கூட வந்தார். கந்தையா அம்மான் வீட்டு முற்றத்தில் பங்குக்காரர் கூடினார்கள். சூசையை உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. அவர் வேலிப் படலைக்கு வெளியே நின்றார். நாகம்மா போர்வையில் சுற்றிய பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள்.

அம்மான் சட்டிக்குள் பார்த்தார். "தம்பி, நீர் படிச்ச பிள்ளை. சத்தியமாச் சொல்லும். உது மீனோ, இல்லையோ?"

செதிள், செட்டை, முள்ளந்தண்டு எல்லாம் எனக்குத் தெரியும். நாகம்மா என்னைப் பார்க்கவில்லை. நழுவிய போர்வையைப் பிள்ளையின் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"உதைக் கரையிலை ஆரும் தின்னமாட்டினம் ஐயா," என்று படலைக்கு அப்பாலிருந்து சூசை சொன்னார். "பூனைக்குப் போட்டாலும் மணந்துபோட்டுப் போயிடும். குருநகரான் தின்னாததை மச்சம் எண்டு சொல்லேலாது."

அம்மான் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு சட்டி விளிம்பில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினேன்.

"தின்னவே மாட்டினமோ?"

"அந்தோனியார் அறிய, இல்லை."

பிள்ளை இருமினாள். அம்மான் தோளிலிருந்த சால்வையை உதறி மறுதோளில் போட்டார்.

"அப்ப சரி. தவளையோடை தவளையாக் கிடக்கட்டும்."

பிறகு

மீனைக் கிணற்றில் விட்ட பிறகும் எனக்கு ஆறுதல் வரவில்லை. காரணம் ஏதாவது சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கிணற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன். நுளம்புக் குஞ்சுகள் குறைந்தன. புகையிலை வெட்டுக்கு முன்னர் ஒருநாள் போனபோது நாகம்மாவின் மகள் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் விட்டிட்டுது அண்ணை," என்றாள் நாகம்மா. "கொயினாவோ, உங்கடை பூச்சியோ, பிள்ளையாரோ தெரியாது. மூண்டு பேருக்கும் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன்."

விலங்கியல் படித்து நான் ஊருக்குச் செய்த ஒரே உபகாரம், ஒரு மீனை மீன் என்று சொல்லாமல் நின்றதுதான்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் கந்தையா அம்மான் குடிக்கத் தண்ணீர் அள்ளினார். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி மெல்ல ஊற்றினார். துணியில் சின்னதாக ஒன்று துள்ளியது. துணியை நான்கு மூலையாகக் கூட்டிப் பிடித்து, வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீருக்குள் அலசி, எப்போதும் விடுகிற வேகத்தில் விடாமல், துலாக்கொடியைக் கைக்குக் கை மாற்றி வாளியைத் தண்ணீர் வரைக்கும் இறக்கினார்.