மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதக் கடைசியில், காரைக்காலில் தருமபுரத்தில் இருக்கும் என் வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு வயது எழுபத்தொன்று. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று மனைவி பெங்களூருக்குப் போய் எண்பத்தைந்து நாட்கள் ஆகியிருந்தன.

நாளை எண்ணிச் சொல்வதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். முப்பத்தொரு வருடம் எனக்கு அதுதான் வேலை. அறுவடைச் சமயத்தில் வயல் வயலாகப் போய், கதிருக்கு எத்தனை மணி, அதில் எத்தனை பதர் என்று எண்ணி மகசூல் கணக்கிடும் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. படிக்கட்டு ஏறினாலும் எண்ணுவேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. ஆறு வயதில் கில்லி தெறித்துப் போன கண். வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். படித்தது, உத்தியோகம் பார்த்தது, எண்ணியது எல்லாம் வலது கண் ஒன்றை வைத்துத்தான்.

மனைவி ஊருக்குப் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தனியாக இருக்கும்போது காய்ச்சல் வந்து விழுந்தால் யார் பார்ப்பார்கள்? நோய் வராமல் உடம்பைப் பலப்படுத்திக்கொள்வது ஒன்றே வழி என்று முடிவு செய்தேன். கைப்பேசியில் வந்ததையும் பத்திரிகையில் படித்ததையும் சேர்த்து, ஒரு நீள நோட்டில் நாளுக்குப் பதினேழு கட்டம் போட்டேன். விடிந்ததும் கஷாயம். ஊறவைத்த பாதாம் ஆறு. மிளகு பத்து. நெல்லிக்காய் ஒன்று. ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும். மதியம் அரைக் கிண்ணம் சாமைச் சோறு, முருங்கைக்கீரைச் சாறு. மாலை ஐந்தரைக்கு ஒரு கொய்யாப்பழம். அதோடு சரி.

சேர்ப்பதைவிட நீக்குவதில் எனக்கு உற்சாகம் அதிகமாக இருந்தது. கடலில் பிளாஸ்டிக் என்று படித்து மீனை நிறுத்தினேன். சளி என்று தயிர் போயிற்று. வாயு என்று பருப்பு போயிற்று. முட்டை எதற்காகப் போனது என்று இப்போது நினைவில்லை. மாலையில் கடற்கரைக்கு நடக்கப் போவதையும் விட்டேன், கூட்டத்தில் கிருமி ஒட்டும் என்று. அதற்குப் பதிலாகக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நாலாயிரம் அடி. மருமகன் வாங்கிக் கொடுத்த கைப்பட்டை ஒன்று, எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று காட்டும். நாலு மணி பத்து நிமிடம் என்று காட்டியது. அந்தக் கவலையில் மறுநாள் மூன்றரை மணி நேரம் தூங்கினேன்.

மனைவி தினமும் போன் செய்வாள்.

"சாப்பிட்டீங்களா?"

"பாதாம் ஆறு, மிளகு பத்து..."

"நான் சாப்பாட்டக் கேட்டேன். கிளிக்கு வச்சதையா கேட்டேன்?"

அவளுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். எடை அறுபத்துநாலிலிருந்து ஐம்பத்தாறுக்கு இறங்கியது. அதைப் பச்சை மையில் எழுதி அடிக்கோடிட்டேன். பதினேழு கட்டத்தில் தூக்கம் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் டிக்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது நெற்றியில் எரிச்சல் ஆரம்பித்தது. தலைவலி என்று சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு முகம் கழுவும்போது நெற்றியில் சிவப்பாகப் பொரிப்பொரியாகக் கையில் தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். பதினொன்று. புதன்கிழமை நீர் கோத்த கொப்புளங்களாகி நாற்பதைத் தாண்டிவிட்டது. முடியிலிருந்து புருவம் வரை, வலது பக்கம் மட்டும். அந்தப் பக்கத்தில் தலையணை பட்டாலே ஊசியால் கிழிப்பது போல இருந்தது.

அக்கி என்று எனக்கே தெரிந்தது. சின்ன வயதில் என் அம்மாவுக்கு முதுகில் வந்து பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால், மண்பாண்டம் செய்யும் குடும்பத்தாரிடம் போவார்கள். அவர்கள் காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் கோடு போட்டு எழுதுவார்கள். மூன்று நாள் உப்பில்லாப் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். படித்தவன், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் நூறு பேருடைய கிருமி வந்து ஒட்டுமே என்ற பயம்தான். கிருமிக்குப் பயந்து வைத்தியரிடம் போகாதவன் நான்.

வியாழக்கிழமை காலை எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரும் ஒரு சொல்தா. பிரெஞ்சு வழக்கப்படி மரியாதையாக அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தினமும் மதியம் மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார், சத்தமாகச் சிரிப்பார். முன்பெல்லாம் கடற்கரைக்கு அவரோடுதான் நடப்பேன். கிருமிப் பயத்தில் இரண்டரை மாதமாகக் கேட்டுக்கு உள்ளேயே நின்று, முகக்கவசத்தோடு தலையாட்டுவதோடு சரி. அன்றுதான் முகக்கவசம் இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது, கோழி கொத்துனாப்புல இருக்கு நெத்தி!" என்றவர், உடனே சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஆளு எங்க சார்? சட்டைதான் நிக்கிது."

"அக்கி முசியே. எழுதிட்டா சரியாப்போயிடும். கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க."

ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். நிரவி போகும் சாலையில் ஓர் ஓட்டு வீடு. மண்பாண்ட வேலையெல்லாம் விட்டு வெகுநாளாகி, இப்போது இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். அந்த வீட்டு அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலையில் எட்டிலிருந்து ஒன்பது வரை அக்கி எழுதுவார். கூலி கிடையாது, வெற்றிலை பாக்கு மட்டும். எனக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் எழுதிக்கொண்டு போனாள். மாவு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் முக்காலியில் உட்கார்ந்து முகத்தை நீட்டினேன்.

அந்த அம்மாள் காவிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். என் நெற்றியைப் பார்த்தார். பிறகு குனிந்து மூக்கைப் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சுங்கய்யா, மூக்கு நுனியில?"

நான் அதை எண்ணவே இல்லை. தொட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கொப்புளம், கடுகு அளவு. "இன்னிக்குக் காலையில இருக்கும்" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் எழுத மாட்டேங்க. கண்ணு டாக்டர்கிட்ட போங்க. இப்பவே போங்க."

"அம்மா, நெத்திக்கு மட்டும் எழுதும்மா. நான் சாயந்தரம் டாக்டர்கிட்ட போய்க்கிறேன்."

"சாயந்தரமா? நல்லாருக்கு! ஒரு கோடு போட்டு அனுப்புனா நீங்க நேரா வூட்டுக்குப் போயி மூணு நாளு படுத்துக்குவீங்க. எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனாலும் விடவில்லை. "உங்க கை ராசிக்குத்தானே வந்திருக்கேன்" என்றேன்.

அவர் உள்பக்கம் திரும்பி, "இந்தாங்க, செத்த இப்படித் திரும்புங்க" என்றார். கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்த மனிதர் முகத்தைத் திருப்பினார். அவருடைய வலது கண் முழுவதும் வெள்ளையாக இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு. இவருக்கும் இப்புடித்தான் நெத்தியில வந்துச்சு, மூக்கு நுனியில ஒண்ணு. எங்க மாமனாரே எழுதுனாரு, பெத்த புள்ளைக்கு. உப்பில்லாம நாந்தான் கஞ்சி காச்சிக் குடுத்தேன். அதுலேருந்து முதுகு, கை, இடுப்பு எங்க வந்தாலும் எழுதுவேன். மூஞ்சியில எழுதுறதில்ல."

அந்த மனிதர் கையில் இருந்த மாவை வழித்துவிட்டு என்னைப் பார்த்து, "எனக்கு இன்னொண்ணு இருக்குங்கய்யா, பொழப்பு ஓடுது" என்றார்.

எனக்கு இன்னொன்று இல்லை. சொல்தா என் அக்குளில் கை கொடுத்து எழுப்பினார். "சாரு ஒத்தக் கண்ணும்மா" என்று அவர் சொன்னதும், அந்த அம்மாள் ஓடிப்போய்ச் சாலையில் வந்த ஆட்டோவை நிறுத்தினார். "ஸ்கூட்டர்ல வேணாங்க, தூசி படும். ஏறுங்க, ஏறுங்க. அங்க என்னத்த எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று என்னை அதட்டினார். மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் மருத்துவர் இளம் வயதுப் பெண். கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி நீல வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு எதையும் எண்ணத் தோன்றவில்லை.

"கொப்புளம் முதல்ல எப்ப வந்துச்சுங்க?"

"ஐம்பத்தொரு மணி நேரம் நாப்பது நிமிஷம் ஆகுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்படி யாரும் சொன்னதில்லைங்க. நல்லது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கிறது ரொம்ப முக்கியம். கருவிழியில லேசா ஆரம்பிச்சிருக்கு. காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன். நாளைக்கும் வாங்க, நாளன்னிக்கும் வாங்க."

மாத்திரை நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சொட்டு மருந்து வேறு. எழுதிக்கொண்டே எடை கேட்டார். ஐம்பத்தாறு, மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைத்திருக்கிறேன் என்று, அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு தூங்குகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

சின்ன வயதில் அம்மை போட்டபோது உடம்பில் புகுந்த கிருமி போகாமல் நரம்பிலேயே படுத்திருக்கும், உடம்பின் காவல் தளரும்போது அது எழுந்துவிடும் என்று விளக்கினார். மூக்கு நுனிக்குப் போகும் நரம்புதான் கண்ணுக்கும் போகிறது, அதனால் அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்றார். "நீங்க சாப்பிடாததாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேங்க. வயசானாலே காவல் குறையும், நல்லா சாப்பிடுறவங்களுக்கும் வருது. ஆனா அந்தக் காவலாளுங்களும் பருப்பு, மீன், முட்டை, தயிர்லேருந்துதான் உருவாகணும், நல்லாத் தூங்கணும். நீங்க அவங்களப் பட்டினி போட்டுட்டு வாசல்ல மிளகு தூவியிருக்கீங்க."

பிறகு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "எட்டு கிலோ இளைச்சதப் பாத்து வீட்ல யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

போனில் எடை தெரியாது. முகக்கவசத்துக்குள் கன்னம் ஒட்டியது தெரியாது. சொல்தாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது நான்தான்.

அன்று மதியம் சொல்தா தன் வீட்டிலேயே என்னைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டார். சோறு, சங்கரா மீன் குழம்பு, அவர் மனைவி கையால் ரசம். முதல் வாயை மென்றபோது எண்ண ஆரம்பித்தேன். "சார், மீன் முள்ள மட்டும் பாருங்க, மத்தத வயிறு பாத்துக்கும்" என்றார். விஷயம் தெரிந்து மூன்றாம் நாள் மனைவி வந்து சேர்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வாசலில் நின்று ஒரு நிமிடம் என்னைப் பார்த்தவள், பையைக்கூட உள்ளே வைக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு அவள் திட்டியிருந்தாலே தேவலை.

கண் பிழைத்தது. இருபத்திரண்டு நாட்களுக்குப் பிறகு மருத்துவர் அறையில் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன். ஓரத்தில் லேசான மங்கல் உண்டு. நெற்றியில் நரம்பு வலி நாலு மாதம் இருந்தது. உடம்பு தேறியதும் இதற்கான தடுப்பூசியை மருத்துவர் சொன்னபடி நானும் மனைவியும் போட்டுக்கொண்டோம்.

அந்த மாவுக்கார அம்மாளைப் பார்த்து நன்றி சொல்லப் போனோம். வெற்றிலை பாக்கு வைத்தேன். எழுதாததற்கு எப்படி வாங்குவது என்று தள்ளிவிட்டார். பேச்சுவாக்கில், இதுவரை இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருங்கய்யா எண்ணுறா? வர்றப்ப மூஞ்சியப் பாக்குறது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். "இப்ப கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு" என்றார்.

அவர் எழுதி அனுப்பியிருந்தால் நான் சந்தோஷமாக வீட்டில் படுத்திருப்பேன். இப்போது பருப்பும் மீனும் தயிரும் சாப்பிடுகிறேன், கைப்பட்டையைக் கழற்றிவிட்டேன், சாயங்காலம் சொல்தாவோடு கடற்கரைக்கு நடக்கிறேன். இனி நோயே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி இருப்பதும், நான் இளைத்தால் ஏன் இளைத்தாய் என்று அவர்கள் கேட்பதும் உடம்பைக் காப்பதில் சேர்ந்ததுதான் என்பதை, ஒரே கண்ணை இழக்கப் போன பிறகே நான் தெரிந்துகொண்டேன்.