தாஸ் கண்டுபிடித்த பிழை

கடந்த புதன்கிழமை காலை என் கைத்தொலைபேசி ஒலித்தது. திரையில் ‘தாஸ் கார்’ என்று இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பெயரிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை. வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த நான், எடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாம் முறையும் அடித்தது. அவருடன் கதைக்க எனக்கு முகம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. மூன்றாம் முறை, பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்த பார்வைக்காக எடுத்தேன்.

“ஐயா, நான் தாஸின்ட மகள் கதைக்கிறன். அப்பா காலமை மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுதெண்டவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கிடையில முடிஞ்சுது. அவற்ற போனில இருக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வாறம்.”

என் பெயரை அவர் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். மருந்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சூசைப்பிள்ளை அருள்தாஸ் அவர்கள் மன்னார்ப் பக்கத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் கொட்டாஞ்சேனையில் வாழ்ந்து, தமது ஐம்பத்தொன்பதாவது வயதில் காலமானார். வாகனங்களுக்கு மின்வேலை செய்வது அவருடைய தொழில். அவரை அறியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்வது எளிது. அறிந்தவர்களுக்குத்தான் நான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையில் பலர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு செய்தி என் வாயிலிருந்து புறப்பட்டது. அது பொய்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அரச அலுவலகம் ஒன்றில் வரைபடம் கீறியே தலை நரைத்தவன் நான். கோபம் கொஞ்சம் கூடுதல், பிழை ஒத்துக்கொள்வது கொஞ்சம் குறைவு. என் மனைவி தவமணிக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது, கனடாவிலிருக்கும் மகன் எங்களுக்கு ஒரு கார் ஏற்பாடு செய்தான். வெளிநாடு போகப் புறப்பட்ட ஒரு டொக்டர் ஆறு மாதம் மட்டுமே ஓடிய கார். இருக்கைகளின் பொலித்தீன் உறை கூட முழுதாகக் கிழிந்திருக்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் விடியற்காலையில் தவமணியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோவதற்காகவே அந்தக் கார் எங்களிடம் வந்தது.

இரண்டாவது மாதமே அது தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. சில காலைகளில் சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். பற்றறி செத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டாரின் காரிலிருந்து வயர் கொடுத்து எழுப்பிக்கொண்டு ஓடுவோம். கொம்பனிக் கராஜில் புதுப் பற்றறி போட்டார்கள். அதுவும் செத்தது. மறுபடி கொண்டுபோனால், “கார்ல ஒரு பிழையும் இல்லை சேர்” என்று கழுவித் துடைத்துத் தந்தார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டார் தாஸின் இலக்கத்தைக் கொடுத்தார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் அவருடைய இடம். தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு கதிரை. துறைமுகத்து லொறிகள் போகும்போது மேசை அதிரும். அவர் அதிகம் கதைப்பவர் அல்லர். காரைத் தொடுவதற்கு முன் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எந்த நாளில் நிற்கிறது, நிற்பதற்கு முதல்நாள் எங்கே போனீர்கள், மழை பெய்ததா என்றெல்லாம். வைத்தியர் கூட தவமணியை இவ்வளவு விசாரித்ததில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது.

“கூடுதலாத் திங்கட்கிழமைதானே ஐயா நிக்குது?”

யோசித்தபோது அது சரியாகத்தான் இருந்தது.

“வெள்ளி ஓடினால் பிறகு திங்கள்தான். மூண்டு இரவு சும்மா நிக்குது. அப்ப ஏதோ ஒண்டு இருந்திருந்து பற்றறியைக் குடிக்குது. கார் வாங்கின பிறகு ஏதும் பூட்டினீங்களோ? ரேடியோ, கமெரா, அலாரம்?”

“ஒண்டும் பூட்டேல்லை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“நான் என்ன பொய்யே சொல்லுறன்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். வேலை என்றால் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காத வேலை. பற்றறிக்கும் வயருக்கும் நடுவே மீற்றரைப் பூட்டினார். கதவு பூட்டியிருப்பதாகக் கார் நம்பும்படி அதன் பூட்டை ஒரு திருப்புளியால் அழுத்தினார். பிறகு கதிரையில் உட்கார்ந்து மீற்றரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்தக் காலத்துக் காருக்குள்ள கொம்பியூட்டர் இருக்கு ஐயா. பூட்டிப்போட்டுப் போனால் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தில அது நித்திரை கொள்ளோணும். நித்திரை கொள்ளாட்டிப் பிழை. அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் திரும்ப முழிச்சிடும்.”

மூன்று நாள் வைத்திருந்தார். கார் ஒழுங்காக நித்திரை கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அடுத்த திங்கள் பற்றறி செத்தது. மறுபடி கொண்டுபோனேன், மறுபடி அங்கே நல்ல பிள்ளையாக நின்றது. என்ன பூட்டினீர்கள் என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்றேன், ஒவ்வொரு தடவையும் குரல் கூடியது.

“இஞ்ச நடிக்குது ஐயா,” என்றார் கடைசியில். “குணம் உங்கட வீட்டிலதான் தெரியும். ஞாயிறு பூசை முடிய வாறன், நிக்கிற இடத்திலேயே வச்சுப் பார்ப்பம்.”

அந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து விருந்தினர் வருவதாக இருந்தது. எண்ணெய்க் கையோடு ஒருவர் வாசலில் நிற்பது எனக்கு வசதிப்படவில்லை. அடுத்த ஞாயிறு வாரும் என்று சொன்னேன்.

விருந்தினர் வந்துபோன ஞாயிறுக்கு மறுநாள் திங்கள். விடிய நாலரைக்குத் தவமணி எழும்பி உட்கார்ந்து, “இஞ்சருங்கோ, மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு,” என்றாள். கால்கள் வீங்கியிருந்தன. கைத்தாங்கலாகக் கொண்டுவந்து காரில் இருத்தினேன். சாவியைத் திருப்பினேன். டிக், டிக். வெளியே பேய்மழை. பக்கத்து வீட்டார் கண்டிக்குப் போயிருந்தார்கள். இதோ பிடித்துவிடும், இதோ பிடித்துவிடும் என்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அம்புலன்ஸைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. காலி வீதிக்கு ஓடி ஒரு ஓட்டோவை மறித்துக்கொண்டு வர முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. ஓட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தவள் ஆஸ்பத்திரி வாசலில் சாய்ந்தபடியே கிடந்தாள். “கொஞ்சம் முந்தி வந்திருந்தால்,” என்று தொடங்கிய இளம் டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

செத்த வீட்டுக்குத் தாஸ் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. மழைக்குள் படலைக்கு வெளியே நின்று, பெட்டி போகும்வரை நின்றுவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்த அடுத்த ஞாயிறு அவரே தொலைபேசி எடுத்தார். “பாதியில விட்ட வேலை ஐயா. வந்து பார்க்கட்டோ?” என்றார். எனக்கும் தெரியவேண்டியிருந்தது. அவளைக் கொன்றது கொம்பனிக் கராஜா, காரை விற்ற டொக்டரா, அல்லது இந்தத் தாஸா என்று ஒரு மாதமாக மனதுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். வாரும் என்றேன்.

வந்தவர் சாரதிக் கதவைத் திறந்து, உள்ளே ஏறாமல் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“ஐயா, இதில என்ன இருந்தது?”

முன் கண்ணாடிக்குக் கீழே, தூசு படிந்திருந்த பரப்பில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது.

“பிள்ளையார்,” என்றேன்.

“இப்ப எங்க?”

“உள்ளுக்கு. சாமி அறையில.”

வாகனம் கராஜுக்குப் போகும்போதெல்லாம் தவமணி பிள்ளையாரை எடுத்துவிடுவாள். செருப்போடு ஏறுவார்கள், மச்ச மாமிசம் சாப்பிட்ட கையால் தொடுவார்கள் என்று, ஒரு பட்டுத் துண்டில் சுற்றிச் சாமி அறையில் வைத்துவிடுவாள். கார் திரும்பி வந்ததும் குளித்துவிட்டு மறுபடி வைப்பாள். அன்று தாஸ் வருகிறார் என்றதும் அவள் செய்வதை நான் செய்தேன். பிள்ளையாரின் காலடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு; வயர் முனையைக் கழற்றினால் பிள்ளையாரோடு சேர்ந்தே வந்துவிடும், மீதி வயர் உள்ளே மறைந்துவிடும். கார் வாங்கிக் கோயிலில் பூசை செய்த அன்றே பூட்டியது. சாமிக்கு முன்னால் இருட்டாக விடக்கூடாது என்று அவள் சொல்ல, காரை நிற்பாட்டினாலும் விளக்கு அணையாதபடி பூட்டித் தாரும் என்று கடைக்காரரிடம் சொன்னவன் நான்தான்.

மூன்று தடவை கேட்டாரே, அப்போது ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமாக எனக்கு நினைவு வரவில்லை. அவர் பூட்டிய சாமான்களைக் கேட்டார். பிள்ளையாரை நான் சாமான் என்று நினைத்ததே இல்லை.

தாஸ் வெளிக்குழாயில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “நீங்களே கொண்டுவந்து வையுங்கோ ஐயா. நான் வயரை மட்டும் தொடுறன்.” வைத்தேன். தான் கொண்டுவந்த நல்ல பற்றறியைப் போட்டார். மீற்றரைப் பூட்டினார். வாசற்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணித்தியாலம் ஆகியும் மீற்றரின் இலக்கம் இறங்கவில்லை. விளக்கின் வயரைக் கழற்றினார். கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் மளமளவென்று இறங்கி அடியில் நின்றது.

“விளக்கு குடிக்கிறது ஒரு சொட்டுத்தான்,” என்றார். “வயரைக் கொம்பியூட்டருக்குப் போற லைனில முடிஞ்சிருக்கினம். அதால கார் ஒரு நாளும் நித்திரை கொள்ளேல்லை.”

“அப்ப இந்த விளக்கு இல்லாட்டி, அண்டைக்குக் கார் ஸ்டார்ட் ஆகியிருக்குமோ?”

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லுவார் என்றுதான் கேட்டேன்.

“ஓம் ஐயா. ஆகியிருக்கும்.”

அவரே தொடர்ந்தார். “பிழை என்னிலதான். பூட்டினது என்னெண்டு கேட்டன். கொண்டு வாறதுக்கு முதல் கழட்டினது என்னெண்டு கேட்டிருக்கோணும்.”

“இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்,” என்றேன். “அவளின்ட விளக்காலதான் அவள் செத்தவள் எண்டு சனம் கதைக்கக்கூடாது.”

“சொல்லன் ஐயா.”

“இனி இஞ்ச வரவும் வேண்டாம்.”

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படலை வரை வெறுங்காலோடு போனார்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. என் மைத்துனர் கேட்டார், கார் பிழை என்னவாம் என்று. “அவருக்குப் பிடிபடேல்லை,” என்றேன். அவர் நாலு பேருக்குச் சொன்னார், நாலு பேர் நாற்பது பேருக்குச் சொன்னார்கள். கொட்டாஞ்சேனைத் தாஸ் பார்த்துக்கொண்டிருந்த காராலே ஒரு மனுசி செத்துப்போச்சு என்று கதை முற்றிவிட்டது. எங்கள் பக்கத்துக் கார்கள் அவரிடம் போவது நின்றது. தவமணியின் பெயரைக் காக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் காத்தது என்னை.

ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தையில் அவரைக் கண்டேன். கையில் கீரைக் கட்டோடு நின்றேன், பக்கத்தில் மைத்துனர். தாஸ் வழக்கமான மரியாதையோடு, “சுகமோ ஐயா? கார் இப்ப ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுதோ?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மைத்துனர், “நீர்தானோ அந்தக் காரைப் பார்த்துக் கைவிட்ட ஆள்?” என்றார், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி.

தாஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து கீரையைப் பார்த்தேன்.

“ஓம்,” என்றார். “அது எனக்குப் பிடிபடேல்லை.”

அதற்குப் பிறகு அவரை உயிரோடு நான் காணவில்லை.

வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சின்ன வீடு. முன்னறை முழுவதையும் பெட்டியே அடைத்திருந்தது. வெள்ளைச் சட்டையில், நன்றாகத் தலை வாரிவிடப்பட்டுக் கிடந்தார். விரல் நகங்களின் ஓரத்தில் கறுப்பு அப்படியே இருந்தது. அவருடைய மனைவி என்னைக் கண்டு எழும்பினார்.

“வெள்ளவத்தை ஐயாதானே? உங்கட காரைப் பற்றி ஆரும் கேட்டால் இவர் தலையைக் குனிஞ்சிடுவார். எவ்வளவு காரைப் பார்த்தனீங்கள், அந்த ஒண்டு மட்டும் ஏன் உங்களுக்குப் பிடிபடேல்லை எண்டு நானும் எத்தினை தரம் கேட்டிருப்பன். எனக்குத் தெரிஞ்ச வேலை அவ்வளவுதான் எண்டுவார்.”

கட்டிய மனைவியிடம் கூட அவர் சொல்லவில்லை.

“கண்டுபிடிச்சவர், பிள்ளை,” என்றேன். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். விளக்கு, வயர், என் வாய், எல்லாம். தாஸின் மனைவி அழவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதை அவர் இருக்கேக்க சொல்லியிருக்கலாமே ஐயா,” என்றார்.

நாலு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். ஒழுங்கை ஒடுக்கம் என்பதால் கையிலேயே தூக்கிப் போனார்கள். தூக்க எனக்கு உரிமை இல்லை. பின்னால் நடந்தேன். வீதிக்கு வந்ததும் துறைமுக லொறிகள் வரிசையாக நின்று வழி விட்டன. அதற்கப்பால் அவர்களின் வேகத்துக்கு என்னால் நடக்க முடியவில்லை, அவர்கள் தூரப் போய்விட்டார்கள்.

போய் வாரும், தாஸ். பிழையை நீர் கண்டுபிடித்தீர். மறைத்தவன் நான்.