கையெழுத்துப் போட்டவர்கள்

எழுபத்தாறாம் ஆண்டுக் கோடை. அபுதாபி சாலையில் கம்பெனி பஸ்ஸின் ரேடியேட்டர் கொதித்துவிட, தகரக் கொட்டகை டீக்கடையில் நிற்கிறோம். கம்பி கட்டும் வேலைக்கு வந்த ஒருவன் என்னையே பார்க்கிறான்.

"சார், மதுரைக் காலேஜ்ல எங்களுக்கு அரசியல் பாடம் எடுத்தீங்களே! நான் முருகேசன்."

ஸ்டோர் கீப்பராக வந்திருக்கும் நான் தலையசைக்கிறேன்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் வாழ்ந்த ஒரு தத்துவவாதியைப் பற்றிய பாடம் அவனுக்கு நினைவிருக்கிறது.

"கடிகாரம் செய்யறவரு மகன்தானே சார்? சுதந்திரத்த மொத்தமா எழுதிக் குடுத்தா அது ஒப்பந்தமே இல்லைன்னு சொன்னாருல்ல?"

"ஆமா. அவர் எழுத்தப் படிச்சுத்தான் பின்னால ஜனங்க ராஜாவையே எதிர்த்தாங்க."

"இங்க வந்ததும் அரபியில ஒரு தாள் நீட்டுனாங்களே, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "கடைசியில அவர் என்ன ஆனாரு சார்? மறந்துபோச்சு."

"புத்தகத்த எரிச்சாங்க. பிடிக்க உத்தரவு போட்டாங்க. ஊர் ஊரா, நாடு நாடா ஓடினாரு."

"குடுத்துவச்சவரு. நம்ம பாஸ்போர்ட்ட, நமக்கு விசா எடுத்துக் குடுத்த கஃபீல் வாங்கிப் பூட்டி வச்சிருக்கான். நாம எங்க சார் ஓடுறது?"

டிரைவர் "யல்லா, யல்லா" என்று கத்துகிறார். முருகேசன் மரியாதையாக ஒதுங்கி, என்னை முதலில் ஏறச் சொல்கிறான். ஏறுகிறேன்.