செம்பருத்தி தேய்த்த கத்தி

எனக்கு நான்கு வயதாக இருந்தபோது, கைக்குழந்தையாக இருந்த தம்பி காய்ச்சலில் செத்துப்போனான். மூன்று நாள் மந்திரித்துக் கயிறு கட்டியும் காய்ச்சல் இறங்கவில்லையாம். பிறகு எங்கிருந்தோ அழைத்து வரப்பட்ட மந்திரவாதி ஒருவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை நறுக்க, அதிலிருந்து ரத்தம் வழிந்தது. செய்வினை என்றார், செய்தவள் இந்த வீட்டுச் சோற்றைத் தின்கிறவள்தான் என்றார். பிள்ளையில்லாத பெரியம்மா மேல் எல்லார் கண்ணும் போனது. அந்த வாரமே பெரியப்பா அவரை அழைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குக் குடிபோனார். அதற்குப் பிறகு அம்மா பெரியம்மாவைச் சபிக்காத நாளே கிடையாது.

நான் ஆறாவது படிக்கும்போது, விழுப்புரத்திலிருந்து ஒரு கல்லூரி அக்கா புதன்கிழமைதோறும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார். மணி அடித்த பிறகு வராந்தாவில் எங்களை உட்கார வைத்துச் சோதனைகள் செய்ய விடுவார். மல்லாட்டைக் கடலையைக் காகிதத்தில் தேய்த்து எண்ணெய் பார்த்தோம். பழைய ஊசிக்குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடி வாங்கினோம். ஒரு புதன்கிழமை, செம்பருத்திப் பூவைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவைத்து எலுமிச்சம்பழத்தை நறுக்கச் சொன்னார். சாறு சிவப்பாக வழிந்தது. புளிப்பு பட்டால் பூவின் நிறம் மாறும் என்றார்.

மந்திரவாதி செய்ததை இனி நானும் செய்வேன் என்கிற பெருமை எனக்குத் தலைக்கேறியது. மிச்சமிருந்த பழங்களையும் பூ தேய்த்துக் காயவைத்த கத்தியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கூடத்தில் அப்பா இருந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பழத்தை நறுக்கினேன். கத்தியிலிருந்து சிவப்பு சொட்டியதும் அம்மாவின் கையிலிருந்த முறம் நழுவி, அரிசி கூடமெல்லாம் சிதறியது.

"பயப்படாதம்மா, செம்பருத்திப் பூதான். கத்தில முன்னாடியே தேச்சிக் காயவெச்சிக்கினு வந்தேன்" என்றேன், கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்து.

யாரும் தட்டவில்லை. அப்பா எழுந்து வாசல் செடியில் பூவைப் பறித்து, கத்தியைக் கழுவி, தன் கையாலேயே தேய்த்துக் காயவைத்தார். இன்னொரு பழத்தை நறுக்கினார். அதே சிவப்பு. கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ எம் புள்ள இன்னாத்தாலடி செத்தான்?"

"அக்கா அத இன்னும் நடத்தலம்மா. புதங்கெழம கேட்டுக்கினு வர்றேன்" என்றேன்.

மறுநாள் அப்பா முதல் பஸ்ஸில் திண்டிவனம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பெரியம்மா கதவைத் திறக்கவில்லையாம்.

புதன்கிழமை நான் மறக்காமல் கேட்டேன். அக்கா, காய்ச்சல் வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்களா என்று கேட்டார். அதை ஒரு வார்த்தை விடாமல் கொண்டுவந்து அம்மாவிடம் ஒப்பித்தேன்.

அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா பதில் சொல்லவில்லை. பதில் தெரியாததால்தான் சும்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.